பல்லி சொன்னதும் நான் தட்டியதும்

அண்ணைக்கு அடுத்த கிழமை லண்டனில் நெஞ்சில் ஒப்பரேசன். சரவணையில் எங்கடை ஊர் வீட்டில் நிற்கிற அவருடைய பழைய பியானோவை அவருடைய மகள் இன்று வாசித்துப் பதிவு செய்தாள். சீடியில் போட்டு நாளைக்கு அவரிடம் கொண்டுபோகிறாள்.

"சித்தப்பா, இருமவும் கூடாது."

மூச்சை அடக்கிக்கொண்டு கதிரையில் இருந்தேன். முடிகிற நேரம் பார்த்துத் தெற்குச் சுவரில் பல்லி சொன்னது. என் விரல் தானாகக் கதிரையில் மூன்று தரம் தட்டிவிட்டது.

போட்டுக் கேட்டோம். பல்லியின் சத்தம் விழவில்லை. தட்டியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"திரும்ப வாசியன், பிள்ளை."

"வேண்டாம். ஆர் தட்டினது எண்டு அப்பாவுக்குத் தெரியும். கேட்டுச் சிரிக்கட்டும்."

எனக்கு இன்னும் இருப்புக்கொள்ளவில்லை. தெற்குப் பல்லி நல்லதோ, கூடாததோ?

நல்லதெண்டால் சொல்லுங்கோ. மற்ற ஆக்கள் பேசாமல் இருங்கோ.