எரிபொருள் ஏற்றுகிறவரின் குளியல்

செல்வரட்ணம் வேலையால் வந்தால் முன்வாசலால் வீட்டுக்குள் வரமாட்டார். பக்கக் கதவால் நேரே பேஸ்மென்றுக்கு இறங்கி, போட்ட உடுப்பை வோஷிங் மெசினுக்குள் தள்ளி, தலையில் தண்ணீர் வார்த்த பிறகுதான் மேலே ஏறுவார். பதினொரு வருசமாக ஸ்காபரோ வீட்டில் இதுதான் நடைமுறை. ட்றக் ஓடுகிற மனுசன், ஊத்தை இருக்கும்தானே என்று மனைவி தவமணி விட்டுவிட்டாள். சொல்லாமலே குளிக்கிற புருசன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

தொண்ணூற்று நாலில் ரொறன்ரோவுக்கு வந்தவர். பிறம்ரனில் பெட்டி அடுக்கினார். பிறகு லைசென்ஸ் எடுத்துத் தக்காளி ஏற்றினார், குழந்தைகளின் பம்பர்ஸ் ஏற்றினார். கடைசியாக வந்து சேர்ந்ததுதான் இந்தச் சாமான். அணு உலைக்குப் போடுகிற புது எரிபொருள். தொழிற்சாலையில் ஏற்றி, ஏரிக்கரையில் இருக்கும் மின்நிலையத்தில் இறக்க வேண்டும். 401 நெடுஞ்சாலையில் பக்கத்து லேனில் கோப்பி உறிஞ்சிக்கொண்டு போகிற சனத்துக்கு, தாங்கள் எதைத் தாண்டிப் போகிறோம் என்று ஒரு மண்ணும் தெரியாது.

சேர்ந்த கிழமை, பயிற்சி வகுப்பில் அதைத் தூக்கிப் பார்க்க விட்டார்கள். மெல்லிய குழாய்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு கட்டு. அரை மீற்றர் நீளம். நாற்பது இறாத்தல் அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் பாரம். உந்த ஒன்று நூறு வீட்டுக்கு ஒரு வருசம் கரண்ட் தரும் என்றார் படிப்பித்தவர். இப்போது கையுறையோடு தூக்கலாம். உலைக்குள் ஒரு வருசத்துக்கு மேல் கிடந்து வெளியே வந்த உடனே, மறைப்பில்லாமல் அதற்குப் பக்கத்தில் நின்றால், சில நிமிசத்தில் ஆள் முடிந்தான். பத்து வருசம் தண்ணீருக்குள் ஆறவிட வேண்டும். அதற்குப் பிறகும் ஆயிரமாயிரம் வருசத்துக்குக் காவல் வேண்டும்.

இவ்வளவும் இதற்குள்ளா என்று செல்வரட்ணம் கையிலிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றார். வாங்கி வைக்க வந்தவர் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தக் குளியல்.

மகள் சிவானி இருப்பது அஜக்ஸில். மின்நிலையத்துக்குக் கிட்ட என்பதால், விபத்து நடந்தால் விழுங்கச் சொல்லித் தபாலில் அயடின் குளிசை வந்த வீடு. குளிசையைக் கண்ட நாளிலிருந்து அவள் இந்த விசயத்தைத் தேடித் தேடி வாசித்தாள். பாவித்து முடிந்த எரிபொருளை ட்றக்கில் ஏற்றி வடக்கே கொண்டுபோய்ப் புதைக்கும் திட்டத்தைப் பற்றிப் பேச ஒரு ஞாயிறு பின்னேரம் அங்கே ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். சிவானி பதினொரு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தாள். அடுத்த மாதம் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். குழந்தையைத் தாய் தகப்பனிடம் விடுவதாகத்தான் பேச்சு.

பின்வரிசையிலிருந்து செல்வரட்ணம் எழும்பினார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நான் பதினொரு வருசமாப் புதுசை ஏத்தி ஓடுறன். எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. பழசுக்கு ஒரு சாணுக்கு மேலை தடிச்ச உருக்குப் பெட்டி. ஒண்டுக்கும் பயப்பிடத் தேவையில்லை."

சிவானி திரும்பினாள். "அப்பா, பயப்பிடத் தேவையில்லையெண்டால் ஏன் குளிக்காமல் ஒருநாளும் மேலை வாறேல்லை? எனக்குப் பதினெட்டு வயசிலை தொடங்கினியள். ஒருநாள் கூட விடேல்லை. நான் இவளை உங்கடை வீட்டிலை விடலாமோ, இல்லையோ? ஐ நீட் டு நோ."

தவமணி புருசனைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னால் கம்பனி அவரைக் குளிக்கச் சொன்னதே இல்லை. வருசா வருசம் உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளந்து, அனுமதித்த அளவுக்குக் கிட்டவும் இல்லை என்று தாள் கொடுக்கும். அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். மனுசனுக்கு அது வாயில் வரவில்லை.

"கோயிலுக்குப் போறதெண்டால் குளிச்சிட்டுப் போறம். செத்தவீட்டுக்குப் போனால் வந்து குளிக்கிறம். இது ரெண்டிலை எதெண்டு எனக்கு இண்டைவரைக்கும் பிடிபடேல்லை, பிள்ளை. அதாலை போகமுதலும் குளிக்கிறன், வந்தும் குளிக்கிறன். சாமான் உடுப்பிலை ஒட்டுமெண்டு இல்லை. அவ்வளவு பெரிசுக்குப் பக்கத்திலை இருந்திட்டு, அப்பிடியே வந்து சோறு தின்ன எனக்கு மனம் வரேல்லை."

ஒருவரும் சிரிக்கவில்லை.

"பழசை ரோட்டாலை கொண்டுபோறதுக்கு நான் இப்பவும் எதிர்தான்" என்றாள் சிவானி.

"எதிராயிரு. உதை ஒண்டுமில்லையெண்டு சொல்லுறவனைத்தான் நம்பக்கூடாது. இப்ப நானும் உப்பிடித்தான் சொல்ல வெளிக்கிட்டனான்."

குழந்தையை விடுவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, மூன்றரை மணிக்கு அவர் ட்றக்கை விட்டுவிட்டு வந்தபோது பக்கக் கதவைச் சிவானி திறந்தாள். வேலையால் வந்த உடுப்போடு நின்றாள். இடுப்பில், காலையில் தவமணியிடம் விட்டுப்போன பேத்தி.

"பிடியுங்கோ அப்பா."

அவர் கையைப் பின்னால் இழுத்தார். "நான் இன்னும் குளிக்கேல்லை."

"தெரியும்."

குழந்தை அவர் பக்கம் பாய்ந்தது. பிடிக்காவிட்டால் விழுந்துவிடும். பிடித்தார். உடுப்பில் முட்டாமல் கையை நீட்டிப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் குளிக்க இறங்கியபோது ஐந்தரை தாண்டிவிட்டது.