ஏழாவது மூடிக்கல்

ஹேரா மாயா ஜெயித்தது இவ்வளவு: மூன்று வருடம் வறண்டு கிடந்த, தெருவுக்கெல்லாம் பொதுவான மகரவாய்க் கல்தாரையில் மறுபடியும் தண்ணீர் விழுந்தது. லாட்ஜ் முதலாளியின் சிமென்ட் அடைப்பு உடைந்தது. அவள் பெயரில் கிடந்த ஒரு பொய் செல்லாமல் போனது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். படான் சந்தையில் முள்ளங்கி விற்பவள்.

அந்தப் பொய்தான் அவளைக் கொதிக்க வைத்தது. கல்தாரையைச் சரிசெய்யக் கேட்கும் மனு என்று சொல்லித்தான் வார்டு குமாஸ்தா அவளுடைய இரண்டு கட்டைவிரல் ரேகையையும் வாங்கினான். காகிதத்தில் இருந்ததோ, ஊற்று தானாகவே வற்றிவிட்டது என்று. இரண்டு வருடம் கழித்து அண்ணன் சிரி காஜி அதை வாசித்துச் சொன்ன அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. அந்த வாரமே பெண்களுக்கான எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

சித்தி நகா பண்டிகை வந்தது. தண்ணீரைக் காக்கும் நாகங்கள் வெளியே போயிருக்கும் நாள்; கிணறும் வாய்க்காலும் தூர்வாரும் நாள். அன்றைக்கு வாய்க்காலின் மூடிக்கல்லைத் திறக்க விடமாட்டேன் என்று எந்த வீட்டுக்காரனும் சொல்ல முடியாது. ஹேரா மாயா கடப்பாரையோடு வடக்கே குளக்கரையிலிருந்து நடந்தாள். கல்தாரைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் புதைந்த வாய்க்கால் எங்கே அடைபட்டது என்று பார்க்க, அது போகும் ஒவ்வொரு முற்றத்திலும் கல்லை நெம்பினாள். அண்ணன் எண்ணிக்கொண்டே வந்தார். ஆறு கல்லுக்குக் கீழேயும் முழங்கால் தண்ணீர். ஏழாவது கல் லாட்ஜின் பின்முற்றத்தில் இருந்தது.

"இன்னைக்கு வேண்டாம் தீதி, கெஸ்ட் இருக்காங்க," என்றார் முதலாளி.

"நாகத்தைவிடப் பெரிய கெஸ்ட்டா, சாஹு?"

கல் புரண்டது. உள்ளே வாய்க்காலை மறித்து ஒரு சிமென்ட் சுவர். இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் காய்ந்த கறுப்புக் களிமண். நடுவே ஒரு குழாய் லாட்ஜின் தொட்டிக்குப் போனது.

"உங்க வீட்டுக்கு நானே ஒரு குழாய் போட்டுத் தர்றேன்..."

"எங்க தண்ணிய எங்களுக்கே தானம் பண்றியா?"

தெருவே எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் வார்டு ஆபீசில் புதுக் காகிதம் தயாரானது. குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தினான்.

"எதுக்குச் சிரமம்? விரல வைங்க."

"அந்த விரலத்தான் நீ அன்னைக்கே தின்னுட்டியே." அண்ணன் பக்கம் திரும்பினாள். "தாஜு, மொதல்லேருந்து வாசி. ஒரு வார்த்த விடாத."

சிரி காஜி மூன்று முறை வாசித்தார். அடைப்பை உடைக்க வேண்டும். பழைய கைநாட்டு செல்லாது. அவள் மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தாள். தன் பெயரையும், ஊர்ப் பஞ்சாங்கக் கணக்கில் வருடத்தையும் தேதியையும் எழுதினாள்; அழுத்திய அழுத்தில் காகிதம் கிழியப் பார்த்தது.

ஹேரா மாயா அவாலே. 2068, ஜேத் 27.