தொண்ணூறாவது நாள்

முதலாளியின் கடவுச்சீட்டில் ஸ்டேப்ளர் பின் அடித்து இணைத்திருந்த அந்தச் சின்னத் தாள்துண்டுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரியது. தாய்லாந்தில் நீண்டகாலம் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய், இன்னும் இதே விலாசத்தில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். சொன்னதற்குச் சாட்சியாக, அடுத்து வரவேண்டிய தேதியை அச்சடித்த துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள். முப்பது வருடமாகச் சியாங் மாயில் இருந்த அவருக்கும் அதே சட்டம், வேலைக்கு வந்து சேர்ந்த எனக்கும் அதே சட்டம். எனக்கு அது எரிச்சல் பிடித்த வேலை. அவருக்கோ திருவிழா.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தேக்குமர மேசை நாற்காலிகளையும் செதுக்கு வேலைகளையும் வாங்கி மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் கப்பலில் அனுப்புகிற சிறிய அலுவலகம் வைத்திருந்தார். ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொள்ளக் கோயம்புத்தூரிலிருந்து போன நான் ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். தொண்ணூறாவது நாள் காலையில் அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும், தலையில் படிய வாரிய நாலு முடியுமாக வந்து நிற்பார். பெண் பார்க்கப் போகிற மாதிரி இருக்கிறீர்களே சார் என்று சீண்டுவேன். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றாலும் முகம் சுளிக்க மாட்டார். கவுண்டரில் இருந்த அதிகாரியம்மாள் அவருடைய முழங்கால் வலியை விசாரிப்பாள். அவர் அவளுடைய பிள்ளையின் படிப்பை விசாரிப்பார். பின்னாலிருக்கும் வெள்ளைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். முடிந்ததும் பக்கத்துக் கடையில் தேங்காய்ப்பால் குழம்பில் மிதக்கும் நூடுல்ஸ் சாப்பிடுவோம். "எங்கட சொதிக்குள்ள நூடில்ஸைக் கொட்டிப்போட்டு வேற பேர் வைச்சிருக்கிறாங்கள்" என்று ஒவ்வொரு முறையும் முதல் தடவை சொல்வது போலச் சொல்வார்.

இப்படி வந்து கைகட்டி நிற்பது உங்களுக்கு அவமானமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். குழம்பை உறிஞ்சிக்கொண்டே, "ஊரிலை ஆமிக்காரனும் கேட்டவன், எங்க இருக்கிறாய் எண்டு. அது வேற கேள்வி தம்பி. இவள் கேக்கிறது வேற கேள்வி" என்றார். நான் சிரித்துவிட்டு எலுமிச்சம்பழத் துண்டைப் பிழிந்தேன். அவருடைய மனைவி இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அஸ்தியை நகரத்தை ஒட்டி ஓடும் பிங் ஆற்றில் கரைத்துவிட்டு வந்து, மறுவாரமே வழக்கம்போல அலுவலகத்தில் உட்கார்ந்தவர். மார்ச் மாதத்தில் வயல்களை எரிக்கிற புகை ஊர் முழுக்க மூடியிருக்கும்போது, அந்தப் பெரிய வீட்டின் ஜன்னல்களை எல்லாம் அடைத்துக்கொண்டு தனியாக இருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போனால், பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் இருவரும் டிவியில் புரிந்தும் புரியாமலும் தாய்மொழி நாடகம் பார்ப்போம். தாய்மொழி என்றால் தாய்லாந்து மொழி. அந்தக் கடி ஜோக்கும் அவருடையதுதான்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வேலைக்கார அம்மாள் வருகிற வரைக்கும் எழுந்திருக்க முடியாமல் ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். மெல்பர்னின் புறநகரான மல்கிரேவில் இருந்த அவருடைய ஒரே மகள் எனக்குப் போன் செய்து அழுதாள். மூன்று மாதம் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று அப்பாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்துவிட்டாள். ஆனால் மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார் என்பதுதான் அவளுடைய பயம். தாய்லாந்தில் இன்னொரு சட்டம் உண்டு. நீண்டகால விசா வைத்திருப்பவர், திரும்பி வருவதற்கான அனுமதி முத்திரையை வாங்காமல் நாட்டை விட்டு வெளியேறினால், விமானம் ஏறின நிமிடத்தோடு அந்த விசா செத்துப்போகும். திரும்ப முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். எழுபத்தெட்டு வயதில், விழுந்து எழும்பிய மனிதர் அதற்கெல்லாம் அலைய மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்குக் கண் மங்கியதிலிருந்து அவருடைய காகிதங்களை எல்லாம் நான்தான் பார்த்தேன் என்பதும் தெரியும். "நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம். அந்த முத்திரையை மட்டும் ஞாபகப்படுத்தாமல் விடுங்கோ. அப்பா இன்னொருக்கா விழுந்தால் நான் என்ன செய்யிறது?" என்றாள். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி நேரத்தில் பேசாமல் இருந்தால் அது சரி என்பதாகத்தான் ஆகிறது.

ஆனால் அவர் மறக்கிற ஆளா? விமான நிலையத்தில் நடுப்பகலில், பெட்டியைப் போட்டுவிட்டு வந்து நின்றதுமே கேட்டார்: "தம்பி, ரீ-என்ட்ரி முத்திரை?" இருபது அடி தூரத்தில் அதற்கான மேசை இருந்தது. விளக்கு எரிந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. நான் அவருடைய கடவுச்சீட்டை வாங்கிப் பக்கங்களைப் புரட்டுவது போலப் புரட்டி, "போன தடவை எடுத்ததே இன்னும் செல்லும் சார். பார்த்துட்டேன்" என்றேன். அது காலாவதியாகி நாலு மாதம் ஆகியிருந்தது. அவர் கடவுச்சீட்டைத் திருப்பி வாங்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப போட்டு வாறன்" என்று உள்ளே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மூன்று மாதம் முடிகிற நேரத்தில் தாய்லாந்து விசா போய்விட்ட விஷயத்தை மகள் அவரிடம் சொன்னாள். அவர் சத்தம் போடவில்லை என்று எனக்குச் சொன்னாள். அந்த வீட்டை நான்தான் காலி செய்தேன். அலுவலகத்தையும் மூடினோம். வேலை போன நான், எப்போதோ போட்டு வைத்திருந்த ஆஸ்திரேலிய விண்ணப்பம் கைகூடி இங்கே வந்தேன். மல்கிரேவில் ஒரு அலுவலகத்தில் மறுபடியும் அதே கப்பல் காகிதங்கள். எனக்குக் குடும்பம் அமையவில்லை. ஒற்றைப் படுக்கையறை யூனிட், அவர் இருந்த வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

மகள் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஹீட்டர் இருந்தது, கைபிடி வைத்த குளியலறை இருந்தது. ஏழு மணிக்கு எல்லோரும் போய்விட்டால் மாலை ஆறு வரைக்கும் அந்தத் தெருவில் நாய்கூட நடக்காது. பேரப்பிள்ளைகளிடம் தமிழில் ஒரு நீளமான கேள்வி கேட்டால், "யா, குட் அம்மப்பா" என்று பதில் வரும். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, குப்பை லாரி எந்தக் கிழமை எந்த நிறத் தொட்டியை எடுக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் வந்து சில வாரங்களில் அவரிடமிருந்து போன். "தம்பி, இண்டைக்குத் தொண்ணூறு. லீவு போட ஏலுமோ?" இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றார். இங்கே அப்படி யாரிடமும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை சார், இங்கே யாரும் கேட்பதில்லை என்றேன். "அது எனக்குத் தெரியும். நீர் வாரும்" என்று என்னை நூலகத்துக்குக் கூட்டிப் போனார். கவுண்டரில் இருந்த பெண்மணியிடம் தன் பெயரையும் விலாசத்தையும் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். முதல்முறை போனபோது, உறுப்பினராக வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் ஒரு அட்டை போட்டுக் கொடுத்துவிட்டாளாம். இப்போது அவளுக்கும் பழகிவிட்டது. அதே விலாசம்தானே என்று கேட்டாள். ஓம், அதே விலாசம்தான் என்றார். முழங்கால் எப்படி இருக்கிறது என்றும் கேட்டாள். அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. புத்தக அலமாரிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இந்த மனிதரை இப்படி ஆக்கியதில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு.

அப்படி ஏழெட்டுத் தொண்ணூறுகள் போயின. போன குளிர்காலத்தில் ஒரு தடவை, நூலகத்திலிருந்து என் யூனிட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே தூறல். எனக்குத் தாங்கவில்லை. "சார், அன்னைக்கு ஏர்போர்ட்ல நான் பொய் சொன்னேன். அந்த முத்திரை முடிஞ்சு போயிருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தெரியும் தம்பி. உள்ள போய்க் கண்ணாடியைப் போட்டுப் பாத்தனான். திரும்பி வந்து எடுத்திருக்கலாம், நேரமும் இருந்தது. ஆனா நீர் பொய் சொல்லுற ஆள் இல்லை. நீரே சொல்லுறீர் எண்டால், மகள் எவ்வளவு கெஞ்சியிருப்பாள் எண்டு நினைச்சன். அதுதான் ஏறிப் போனனான்." மேசையின் விளிம்பைத் தடவினார். பிறகு சொன்னார்: "கோவம் இல்லை. ஆனா அங்க தொண்ணூறு நாளைக்கு ஒருக்கா எங்க இருக்கிறாய் எண்டு கேட்டவங்கள். எங்க இருக்க விருப்பம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. மகளும் கேக்கேல்லை. நீரும் கேக்கேல்லை."

அந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டும். கேள்வி வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சியாங் மாய் என்று அவர் சொல்லிவிட்டால்? மகளோடு சண்டை போட வேண்டும். மறுபடியும் விண்ணப்பம், வங்கிக் கடிதம், வீடு, பார்த்துக்கொள்ள ஆள் என்று அலைய வேண்டும். அவர் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றும் நினைத்தேன், அதையும் மறைப்பானேன். அடுத்த தொண்ணூறில் கேட்டுக்கொள்ளலாம் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு, "டீ போடட்டுமா சார்?" என்றேன். "ஓம், போடும்" என்றார்.

அடுத்த தொண்ணூறு வருவதற்குள், ஏழாவது வாரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியங்கள் எல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, மகள் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "தம்பி, அப்பா உங்களோடதான் மனம்விட்டுக் கதைக்கிறவர். அஸ்தியை எங்க கரைக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை. இங்கயோ, ஊரிலையோ, அம்மாவைக் கரைச்ச அந்த ஆத்திலையோ? தனக்கு எங்க விருப்பம் எண்டு உங்களிட்டச் சொன்னவரோ?"

அந்த ஆற்றில் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், ஒருவேளை அது சரியாகவும் இருந்திருக்கும். ஆனால் அவருக்காக இன்னொரு முறை நானே முடிவு செய்ய என்னால் முடியவில்லை.

"இல்லைக்கா" என்றேன். "நான் கேக்கவே இல்லை."