நாமக்கட்டியில் பிடித்த படம்

சென்ற செவ்வாய்க்கிழமை பென்னாகரம் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் சொன்னார்: "எக்ஸ்ரே பாய் தவறிட்டாருங்க. உங்களுக்குச் சொல்லி அனுப்பலீங்களா?" தருமபுரியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தேன்; காதர் பாய் அங்கே எக்ஸ்ரே எடுப்பவர். எட்டு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவரை அறிந்து இங்கே கூடியிருக்கும் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அறுபதுகளின் கடைசியில் சித்தேரி மலையிலிருந்து பொன்னம்மாவை அவள் மாமியார் கூட்டி வந்தார். விரல் மூட்டெல்லாம் வலி. காலையில் களி கிண்டத் துடுப்பைப் பிடிக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புகள் பழுதில்லாமல் இருந்தன. டாக்டர் ஒன்றுமில்லை என்றார்.

"அப்ப வேலைக்குப் பயந்து நடிக்கிறா. இவ அப்பன் வூட்லயே வுட்டுட்டுப் போறேன்" என்றார் மாமியார்.

"படத்துல எலும்புதாங்க தெரியும், சூடு தெரியாது" என்பது பாய் அடிக்கடி சொல்வது. மூட்டுக்குள் அழற்சி இருந்தால் மேல்தோலும் கொஞ்சம் சுடும். அதைப் பார்க்க அவரே ஒரு வழி வைத்திருந்தார். நாமக்கட்டியை நீர்க்கக் குழைத்து இரண்டு கைகளிலும் சீராகப் பூசுவார். சூடான இடம் முதலில் காய்ந்து வெளுக்கும். உடனே தன் கேமராவில் ஒரு படம் எடுப்பார். பாய் எல்லோருக்கும் நாமம் போடுகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அன்று பொன்னம்மாவின் கைகள் மணிக்கட்டு முதல் நகம்வரை ஒரே சமயத்தில் வெளுத்தன. "கை பூராவும் வாதமா பாய்?" என்று டாக்டர் சிரித்தார். மாமியார் பையைத் தூக்கிக்கொண்டார். பொன்னம்மாவின் முந்தானையில் ஒட்டியிருந்த உப்புக்கல்லைப் பாய் தட்டிவிட்டார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் அவசரப்பட்டுட்டனுங்க. ஒரு மணி நேரம் குடுங்க" என்றார்.

அவளை நிழலில், குளிர்ந்த சிமெண்டுத் தரையில் உட்காரவைத்து, பூச்சைக் கழுவி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பூசினார். இரண்டு மணிக்கட்டுகளும் விரல்கள் தொடங்கும் முட்டிகளும் மட்டும் ஒவ்வொன்றாக வெளுத்தன. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி. யாரும் நம்பாத அவளுடைய வலி எங்கள் கண்முன் எழுந்து வந்தது. டாக்டர் மூட்டுவாதத்துக்கு மருந்தும் ஓய்வும் எழுதினார். மாமியார் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே துடுப்ப நான் புடிக்கிறேன் கண்ணு" என்றார்.

பாய் பூசுவதற்குச் சற்றுமுன், பாவம் பார்த்து அந்தக் கைகளுக்குச் சுடுஉப்பு ஒத்தடம் கொடுத்தவள் நான். அந்தச் சூட்டில்தான் கை முழுதும் ஒரே சமயத்தில் வெளுத்தது. மறுநாள் பாய் என்னிடம் மட்டும், "ஒத்தடம் படத்துக்கு அப்புறம் குடுங்க சிஸ்டர்" என்றார். வேறு யாரிடமும் கடைசிவரை சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த ஒரு பார்வையும், எனக்காக அவர் சுமந்த தவறும். பார்வையை வைத்துக்கொள்கிறேன். தவறை இன்று உங்கள் முன்னால் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.