நெல்லிவாசல் சாமைக் காட்டில் இறங்கிய கதை

ஜவ்வாது மலையை மேலே இருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நண்பன் பாஸ்கர் இரண்டு பேர் உட்காரும் மோட்டார் கிளைடர் என்ற குட்டி விமானம் ஓட்டுகிறவன். "இன்ஜின் நின்னாலும் மிதக்கும்டா, பயப்படாத" என்றான். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை 8.10க்குத் திருப்பத்தூர் பக்கத்து ஓடுபாதையிலிருந்து கிளம்பினோம். பெட்ரோலில் என் பங்கு 1,800 ரூபாய்.

8.35க்கு நெல்லிவாசல்நாட்டுக்கு மேலே இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. தரைக்கு ஆயிரத்து இருநூறு அடி. பாஸ்கர் மறுபடி ஸ்டார்ட் செய்து பார்த்தான். ம்ஹூம். பயப்படாதே என்றவன் முகமே வெளிறிப்போனது.

கீழே எங்கும் மரம், பள்ளம், பாறை. அறுவடை முடிந்த சாமைக் காடு ஒன்றுதான் தோதாகத் தெரிந்தது, நீளம் முந்நூறு மீட்டர் இருக்கும். அதன் மேல்கோடியில் ஒரு பெண் முறத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தார். பறந்த தூசியை வைத்தே பாஸ்கர் காற்றின் திசையைப் பிடித்தான். "எதிர்காத்துல இறங்கறேன். ஜன்னலத் தொறந்து அந்தம்மாவ நகரச் சொல்லிக் கத்துடா!"

கையளவு ஜன்னல்தான். திறந்தேன். எங்கோ நாய் குரைப்பது பக்கத்திலேயே இருப்பது போலக் கேட்டது.

கடைசி நேரத்தில்தான் அவர் நிமிர்ந்து பார்த்தார். முறத்தைப் போட்டுவிட்டு ஓடினார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்! மாடு புகுந்தாலும் மழை வந்தாலும் இங்கே முதலில் தானியத்தைத்தான் இழுப்பார்கள். அவரும் சாமை கிடந்த தார்ப்பாயின் முனையைப் பிடித்து இழுத்தார்.

பாஸ்கர் இடப்பக்கம் ஒடித்தான். சக்கரம் தரையில் மோதி எகிறியது. இறக்கை முனை கல்குவியலில் உரசி, ஒருவழியாக நின்றோம். அவருக்கும் இறக்கைக்கும் நடுவே நான்கு எட்டு தூரம்தான். தார்ப்பாயை அவர் விடவே இல்லை.

"அடி ஏதாவது பட்டுச்சாம்மா?" என்று பாஸ்கர் இறங்கி ஓடினான்.

"இன்னா சார் நீங்க! ஒரு ஆரனாச்சும் அடிக்கக் கூடாதா? கம்முனு வந்து மேல வுழறீங்களே! வருசத்துக்கும் சோறு சார் இது. சத்தம் கேட்டிருந்தா அப்பவே இழுத்துட்டுப் போயிருப்பேன்." அவர் பெயர் பச்சையம்மா. திட்டி முடித்ததும் என்னைப் பார்த்தார். "மூஞ்சி வெளுத்துக் கெடக்குது. வூட்டுக்கு வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

பாஸ்கர் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

இப்படிப் பறக்க நினைப்பவர்களுக்கு: அந்தப் பக்கம் போனில் சிக்னல் கிடையாது. ஷேர் ஜீப் 11.40க்குத்தான் வந்தது, தலைக்கு 80 ரூபாய். இன்ஜின் நின்றால் எங்கே இறங்குவீர்கள் என்று கிளம்பும் முன்பே ஓட்டுகிறவரிடம் கேட்டுவிடுங்கள். அப்போது உங்களுக்கு என்ன வேலை என்பதையும் கேளுங்கள்.

எனக்குக் கொடுத்தது ஒரே வேலை. நாய் குரைத்தது எனக்குக் கேட்டதென்றால், நான் கத்தியிருந்தால் பச்சையம்மாவுக்கும் கேட்டிருக்கும். ஜன்னலைத் திறந்த நான் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த வண்டியில் ஆரன் நான்தான்.