கள்ளிறக்கும் கரையில் மா எமிலி

சென்ற வியாழக்கிழமை காலை ஆறு மணி இருக்கும். தொலைபேசி மணி அடித்தது. இந்த ஊரில் இப்போது அந்த நேரத்து மணிச் சத்தத்துக்கு எல்லோருமே பயப்படுகிறோம். என் மனைவி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நின்றுபோய் மறுபடியும் அடித்த பிறகுதான் எடுத்தேன். பேசியவர் இன்சீனிலிருந்து அந்தோணி, எமிலியின் தம்பி.

"அக்கா தவறிட்டாங்க, கோ செல்வம்."

எப்படி என்று நான் கேட்கவில்லை. "வீட்டிலேயா?" என்றுதான் கேட்டேன். ஆமாம், வீட்டில்தான், படுக்கையிலேயே உயிர் போயிருந்தது, மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார் என்றார் அந்தோணி. அதைக் கேட்டதும் எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது. யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, எங்கோ ஒரு சாலையோரத்தில் கிடக்கவில்லை. நண்பரின் சாவுச் செய்தியைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டதற்காக அன்று முழுவதும் வெட்கப்பட்டேன். யாங்கோனில் வசிப்பவர்களுக்கு அது புரியும் என்று நினைக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எமிலி யாங்கோனின் தாகேதா பகுதியில் ஒரு மருந்துக் கிடங்கில் இருப்புப் பொறுப்பாளராக இருந்தவர். நான் அதே கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன், என் வீடும் தாகேதாவில்தான். மிஷன் பள்ளியில் படித்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், திருமணம் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பத்தோடு நகரின் வடக்கே இன்சீனில் இருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். பர்மிய வழக்கப்படி நான் அவரை மா எமிலி என்பேன், அவர் என்னை கோ செல்வம் என்பார். இருவரும் பேசிக்கொள்வது மட்டும் தமிழில்.

அவர் மிகவும் பயந்த சுபாவம் உடையவர். சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் யார் இருந்தாலும் கையைப் பிடித்துக்கொள்வார். மின்சாரம் நின்று கிடங்கின் ஜெனரேட்டர் வெடிச் சத்தத்தோடு கிளம்பினால் மேசைக்குக் கீழே போய்விடுவார். தொடக்கத்தில் நாங்கள் சிரித்தோம். பிறகு இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, ஊரில் உண்மையான வெடிச் சத்தங்கள் கேட்கத் தொடங்கின. அதன் பின் யாரும் சிரிக்கவில்லை. ஒருநாள் வெளியே லாரி டயர் வெடித்தபோது அவருக்கு முன்பே நான் மேசைக்குக் கீழே இருந்தேன். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க கோ செல்வம், எனக்கு இடமில்ல" என்றார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்றை வாங்கினார், முன்னால் கூடை வைத்தது. எதற்கு என்று கேட்டேன். வாரத்தில் ஒரு நாளாவது எந்த வண்டிச் சத்தமும் காதில் விழாத இடத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்றார். அந்த இடத்தை அவரே தேடிக் கண்டுபிடித்தார். பான்சோடான் துறையில் சைக்கிளோடு படகேறினால் ஆற்றின் அக்கரையில் டலா. அங்கே கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும். அதைத் தாண்டும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார். ஊர் முடிந்ததும் துவாந்தேப் பக்கம் போகும் வாய்க்கால் கரைகள் வந்துவிடும். வண்டி எதுவும் ஏற முடியாத ஒற்றையடி மண்பாதை. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயல், வயலின் வரப்பெல்லாம் பனைமரம். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பலருக்குக் கள்ளிறக்குவதுதான் தொழில்.

சனிக்கிழமை மாலையே பூசைக்குப் போய்விட்டு ஞாயிறு காலை அக்கரைக்குப் போய்விடுவார். இரண்டு மாதம் கழித்து நானும் சேர்ந்துகொண்டேன். மூன்றாவதாக வந்தவர் ஊ சோ, இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பர்மியர், எமிலியின் பக்கத்து வீட்டுக்காரர். எமிலிதான் முன்னால் போவார். நகரத்தில் தோளைக் குறுக்கி நடக்கும் அந்த அம்மையார் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பதைப் பார்க்க ஆச்சரியமாக இருக்கும். பனையடியில் நிறுத்தி, அப்போதுதான் இறக்கிய இனிப்புக் கள் அரைக் குவளை குடிப்பார். "இன்னும் புளிக்கல, அதனால பாவமில்ல" என்பார். எத்தனை மணிக்குப் புளிக்கும், எந்த மரத்துக் கள் மெல்லப் புளிக்கும் என்று கள்ளிறக்குபவர்களிடம் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார்.

போன ஆண்டு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கிராமங்களுக்கு நடுவில் பாதையின் குறுக்கே ஒரு மூங்கில் கட்டியிருந்தது. துப்பாக்கியோடு ஐந்து சிப்பாய்கள். அதற்கு முந்தைய வாரம் அது அங்கே இல்லை. அடையாள அட்டை கேட்டார்கள். எமிலியும் ஊ சோவும் கொடுத்தார்கள். நான் சட்டைப் பையில் கை விட்டேன். அட்டை வீட்டில், வேறு சட்டையில் இருந்தது.

என் கைபேசியை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார் அவர்களுடைய தலைவர். பிறகு, மற்ற இருவரும் போகலாம், இவர் இருக்க வேண்டும், மேலதிகாரி வந்து முடிவு செய்வார் என்றார். ஆண்களைப் பிடித்துச் சுமை தூக்கக் கொண்டுபோகிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருந்த சமயம் அது. எமிலி ஊ சோவிடம், இங்கே சிக்னல் கிடைக்காது, டலாவுக்குப் போய் என் மனைவிக்குத் தொலைபேசி செய்து, அட்டையைப் படகில் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். எழுபதை நெருங்கும் அந்த மனிதர் சைக்கிளைத் திருப்பி மிதித்தார்.

எமிலி போகவில்லை. பனையடியில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். போங்கள், உங்களுக்குத் தம்பி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கெஞ்சினேன்.

"காலெல்லாம் நடுங்குது. எந்திரிச்சாலும் மிதிக்க முடியாது" என்றார். பிறகு, "ரொம்பப் பயமா இருக்கு கோ செல்வம். உங்களை விட்டுட்டுப் போனா இன்னும் பயமா இருக்கும்" என்றார்.

என்ன பாஷை அது, பர்மிய மொழியில் பேசுங்கள் என்று சிப்பாய் ஒருவர் அதட்டினார். அதன் பிறகு நாங்கள் பேசவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் சிப்பாய்கள் கள்ளிறக்குபவர் ஒருவரை மரத்திலிருந்து கூப்பிட்டுப் பானையை வாங்கிக் குடிக்கத் தொடங்கினார்கள். அது நன்றாகப் புளித்த நேரம். சிரிப்பு கூடக் கூட எங்களுக்குப் பயமும் கூடியது. அவர்களில் ஒருவர் எழுந்து, உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கைகளைக் குறிபார்த்துச் சுட்டார். ஒரே ஒரு வெடிதான். எமிலி என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்து இரத்தம் வந்தது. ஒளிந்துகொள்ள அங்கே மேசை இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

நாலு மணிக்கு மேல் ஊ சோ வேர்வையில் நனைந்து அட்டையோடு வந்து சேர்ந்தார். தலைவர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லி மூங்கிலைத் தூக்கினார். எந்த மேலதிகாரியும் வரவில்லை. அரை மைல் தாண்டியதும் எமிலி சைக்கிளைப் போட்டுவிட்டு வாய்க்கால் ஓரத்தில் வாந்தி எடுத்தார். முகம் கழுவிக்கொண்டு, "வீட்ல சொல்லாதீங்க, விடமாட்டாங்க" என்றார்.

அதன் பிறகு பல மாதங்கள் நான் ஆற்றைத் தாண்டவில்லை. எமிலி வேறொரு கரையைக் கண்டுபிடித்து ஊ சோவோடு போய்க்கொண்டிருந்தார். எப்படி முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "இந்தப் பக்கம் இருந்தா மட்டும் பயம் விட்டுடுதா?" என்று திருப்பிக் கேட்டார். அடுத்த வாரமே போனேன் என்று எழுத ஆசைதான், ஆனால் போகவில்லை. போன மாதம்தான் போனேன். பாதி வழியில் அவர் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். மூச்சு வாங்குகிறது, வெயில்தான் என்றார். நாங்களும் வெயில் என்றே நம்பினோம். மூங்கில் எங்கே கட்டியிருக்கிறது, துப்பாக்கி எங்கே நிற்கிறது என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் இத்தனை ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். இதை நினைத்தால் இப்போதும் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அடக்கம். ஊரடங்கு நேரத்துக்கு முன் எல்லோரும் வீடு திரும்ப வேண்டும் என்பதால் சாமியார் செபத்தைச் சுருக்கினார். தமிழில் ஒரு பாட்டு, பர்மிய மொழியில் ஒரு பாட்டு. குழியில் மண் பாதி விழுந்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வந்தவர்கள் குடையோடும் குடையில்லாமலும் வாடகை வண்டிகளைத் தேடி ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தாகேதாவுக்குத் திரும்பும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திச் சோதிப்பார்கள், இருட்டினால் என்ன கேட்பார்களோ என்று எனக்கும் பயம்தான். வெட்டியான்கள் மண்ணைத் தள்ளி முடிக்கும்வரை ஊ சோவும் நானும் நின்றோம். மழை மண்ணைக் கரைத்துக்கொண்டே இருந்தது. ஊ சோ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் முட்டி போட்டு, சரியும் மண்ணை இரண்டு கையாலும் மேலே தள்ளி அணைத்தார். நான் மறுபக்கம் உட்கார்ந்து அதையே செய்தேன். மேடு நின்றது.

போய் வாருங்கள், மா எமிலி.