பேழைக்காரர் மனைவியின் பாட்டு

பைபிளில் பெருவெள்ளத்தில் தப்பிக்கக் கப்பல் மாதிரிப் பேழை கட்டியவரின் மனைவி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பெயரும் கிடையாது. என் மகள் போனில் காட்டிய கார்ட்டூன் படத்திலோ அந்த அம்மாள் நாலு நிமிடம் பாடுகிறாள். பேழைக் கதவைச் சாத்தியாகிவிட்டது, வெளியே மழை. உள்ளே ஏறாமல் நின்றுவிட்ட அக்கம்பக்கத்தாரை நினைத்துப் பாடும் பாட்டு. கேட்டதும் இதைத் தமிழில் எழுதியே தீருவது என்று கிளம்பிவிட்டேன். சூரமங்கலம் பக்கம் எங்கள் கோயிலில் இருபது வருடமாகக் கீபோர்டு வாசிப்பவன் நான். அந்த ஒரு தகுதி எல்லாவற்றுக்கும் போதும் என்பது என் நினைப்பு.

கோயிலில் பிள்ளைகளுக்கு நடக்கும் மறைக்கல்வி வகுப்பின் ஆண்டு விழாவில் படத்தைத் திரையில் ஓடவிட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, நாங்கள் நேரில் பாடுவதாக ஏற்பாடு. அந்த அம்மாளின் பாட்டைத் தனியாகப் பாட, வகுப்பு நடத்தும் சிஸ்டர் என் மனைவியைத் தேர்ந்தெடுத்துவிட்டார். பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்பவள். நான் கண்ணைக் காட்டினால் சத்தத்தைக் குறைத்துக்கொள்பவள். தனியாக ஒரு தடவையும் பாடியதில்லை. ஆகவே பயிற்சி கொடுக்கும் பொறுப்பை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஏனுங்க, மேல போறப்ப தொண்டை இறுக்குதுங்க. ரெண்டு கட்டை எறக்கி வைங்களேன்," என்றாள். வெண்ணந்தூர்க்காரி.

"படத்துல இதான் சுருதி. மாத்தினா பாட்டே கெட்டுடும்," என்றேன்.

உண்மையில் எனக்கு ஒரே சுருதியில்தான் வாசிக்கத் தெரியும். வேறு எது வேண்டுமென்றாலும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொள்வேன். விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், சுருதி மட்டும் ஏறும், இறங்கும். அவள் கேட்டதைச் செய்ய அரை நொடி ஆகாது. அவள் சொல்லி நான் இறக்குவதா என்பதுதான் விஷயம். கடைசிவரை இறக்கவில்லை.

விழாவன்று அவள் மேடை ஏறும் நேரம் பார்த்து கரண்ட் போய் வந்தது. கீபோர்டு ஒருமுறை அணைந்தால் அந்தப் பட்டனில் வைத்ததெல்லாம் அழிந்துவிடும். ஊருக்கெல்லாம் இந்தப் பாடத்தை எடுத்த நான் மறந்துபோனேன். படத்தின் சுருதிக்காக நான் வைத்திருந்த இறக்கம் போய், முன்னிசை பயிற்சியில் வாசித்ததைவிட இரண்டு கட்டை மேலே கிளம்பியது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள், என்னைப் பார்த்தாள். சுருதியைக் கோட்டைவிட்டுவிட்டாள் என்று நான் முறைத்துக்கொண்டே இன்னும் சத்தமாக வாசித்தேன். அவள் என் பக்கம் கையை நீட்டி, போதும் என்று காட்டினாள்.

நிறுத்தினேன். அவள் தனக்குத் தோதான உயரத்தில், தானாகவே ஆரம்பித்தாள். கூடத்தில் ஒரு மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. மழையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து விடைபெறுகிறவள் மாதிரி நிதானமாகப் பாடினாள். இருபது வருடத்தில் நான் அவள் குரலைக் கேட்டதே இல்லை. கேட்டதெல்லாம் என் கீபோர்டைத்தான். வெட்கமாக இருந்தது. கண்ணும் கலங்கியது.

முடிந்ததும் பங்குத்தந்தை வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கீபோர்டை நிறுத்துனீங்க பாருங்க, பிரமாதமான யோசனை!"

"அந்த இடத்துக்கு அப்படித்தான் வேணும் ஃபாதர்," என்றேன். பக்கத்தில் அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகையில், ஜங்ஷன் தாண்டும்வரை ஸ்கூட்டரில் பின்னாலிருந்து திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

"நான் பாடுனது எப்படி இருந்துச்சுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களே?" என்றாள்.

சொல்ல எவ்வளவோ இருந்தது.

"சுருதி சரியா இருந்துச்சு," என்றேன்.

"அது எனக்கு அப்பவே தெரியுமுங்க," என்றாள்.